ஒரு தேக்கரண்டிச் சர்க்கரையும் ஒரு தட்டுச் சோறும்

வளர்ந்த ஒருவரின் உடலில் ஓடும் ரத்தம் ஏறத்தாழ 5 லிட்டர். சர்க்கரை நோய் இல்லாத ஒருவர் காலையில் வெறும் வயிற்றில் பரிசோதித்துக்கொண்டால், 100 மில்லி ரத்தத்தில் 90 மில்லிகிராம் அளவுக்குக் குளுக்கோஸ் இருக்கும். பெருக்கிப் பார்த்தால், உடல் முழுவதும் ஓடும் ரத்தத்தில் கரைந்துள்ள சர்க்கரை 5 கிராமைத் தாண்டாது. ஒரு தேக்கரண்டி, அவ்வளவுதான். மூளை மட்டுமே நாளொன்றுக்கு 120 கிராம் குளுக்கோஸை எரிக்கிறது. ஆனாலும் எந்த நேரத்தில் எடுத்துப் பார்த்தாலும் ரத்தத்தில் இருப்பு அந்த ஒரு தேக்கரண்டியை ஒட்டியே நிற்கும்படி உடல் பார்த்துக்கொள்கிறது.

இனி மதியச் சாப்பாட்டுக்கு வருவோம். வெந்த சோறு 100 கிராமில் ஏறத்தாழ 28 கிராம் மாவுச்சத்து உண்டு. சாம்பாருக்கு ஒருமுறை, ரசத்துக்கு ஒருமுறை, மோருக்கு ஒருமுறை என்று வாங்கிச் சாப்பிட்டால் 300 கிராம் சோறு எளிதாக உள்ளே போய்விடும். அதிலுள்ள 84 கிராம் மாவுச்சத்தும் செரித்துக் குளுக்கோஸாகத்தான் மாறும். ரத்தத்தில் வழக்கமாக இருக்கும் சர்க்கரையைப் போல் பதினாறு மடங்குக்கும் அதிகமான சர்க்கரை, இரண்டு மூன்று மணி நேரத்துக்குள் குடலிலிருந்து ரத்தத்துக்கு வந்து சேர்கிறது. நாம் இனிப்பு எதையும் தொடவில்லை. சோறு மட்டுமே சாப்பிட்டோம்.

சர்க்கரை நோயைப் பற்றிய நம் பேச்சு பெரும்பாலும் காபியில் போடும் சீனியைச் சுற்றியே நடக்கிறது. நம்மில் பலருக்கு உடலுக்குள் போகும் குளுக்கோஸில் பெரும்பங்கு சீனி டப்பாவிலிருந்து வருவதில்லை, அரிசிப் பானையிலிருந்து வருகிறது. இதைப் புரிந்துகொண்டால், எதை எவ்வளவு சாப்பிடலாம் என்ற கேள்விக்கு விடை தேடுவது சுலபமாகிவிடும்.

சோறு சர்க்கரையாகும் வழி

மாவுச்சத்து என்பது ஆயிரக்கணக்கான குளுக்கோஸ் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று கோத்துக்கொண்ட நெடுஞ்சங்கிலி. அதில் இரண்டு வகை உண்டு. அமைலோஸ் கிளையில்லாமல் நீண்டு கிடப்பது. நெருக்கமாகச் சுருண்டு கிடப்பதால் நொதிகள் அதை மெல்லத்தான் அறுக்க முடியும். அமைலோபெக்டின் எங்கும் கிளைவிட்டுப் பரந்தது. ஒரே நேரத்தில் பல முனைகளில் நொதி வேலைசெய்ய இடம் கொடுப்பதால் வேகமாக உடைந்துவிடும். குழைந்து ஒட்டிக்கொள்ளும் அரிசியில் அமைலோபெக்டின் அதிகம். உதிரி உதிரியாக நிற்கும் அரிசியில் அமைலோஸின் பங்கு கூடுதல்.

வாயில் எச்சிலிலுள்ள அமைலேஸ் நொதி இந்த வேலையைத் தொடங்கி வைக்கிறது. கணையம் சுரக்கும் அமைலேஸ் சிறுகுடலில் அதைத் தொடர்கிறது. குடல் சுவரிலுள்ள நொதிகள் மிச்சத்தை ஒற்றைக் குளுக்கோஸாக உடைத்து ரத்தத்துக்குள் அனுப்புகின்றன. ரத்தத்தில் குளுக்கோஸ் ஏறியதும் கணையத்தின் பீட்டா செல்கள் இன்சுலினை வெளிவிடுகின்றன. இன்சுலினின் கட்டளையில் தசைச் செல்கள் குளுக்கோஸை உள்ளே இழுத்துக்கொள்கின்றன. கல்லீரல் தன் பங்குக்கு ஏறத்தாழ 100 கிராம் வரை கிளைக்கோஜனாகச் சேமிக்கிறது. தசைகளில் அதைப் போல் மூன்று நான்கு மடங்கு இடம் உண்டு. இந்த இடங்கள் நிரம்பிய பிறகும் குளுக்கோஸ் வந்துகொண்டே இருந்தால், கல்லீரல் அதைக் கொழுப்பாக மாற்றத் தொடங்குகிறது.

நலமாக உள்ளவருக்குச் சாப்பிட்ட இரண்டு மணி நேரத்தில் சர்க்கரை அளவு 140-க்குக் கீழே இறங்கிவிடும். வெறும் வயிற்றில் 126-ம் அதற்கு மேலும், குளுக்கோஸ் குடித்த இரண்டு மணி நேரத்துக்குப் பின் 200-ம் அதற்கு மேலும், மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி 6.5 சதவீதமும் அதற்கு மேலும் என இவற்றில் ஒன்று வந்தாலும் அது சர்க்கரை நோய். எச்பிஏ1சி 5.7-லிருந்து 6.4 வரை இருந்தால் நோயின் முன்நிலை. இந்த முன்நிலையில் உடல் எந்த வலியையும் காட்டாது. பரிசோதனை ஒன்றுதான் அதைக் காட்டிக்கொடுக்கும்.

எந்த உணவு எவ்வளவு வேகம்?

எல்லா மாவுச்சத்தும் ஒரே வேகத்தில் சர்க்கரையாவதில்லை. இதை அளக்க ஒரு வழியை 1981-ல் டொரண்டோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டேவிட் ஜென்கின்ஸும் அவர் குழுவினரும் முன்வைத்தார்கள். 50 கிராம் மாவுச்சத்து தரும் அளவுக்கு ஓர் உணவைச் சாப்பிடக் கொடுத்து, இரண்டு மணி நேரம் ரத்தச் சர்க்கரையின் ஏற்ற இறக்கத்தைக் குறித்துக்கொள்வார்கள். அதே ஆள் 50 கிராம் குளுக்கோஸ் குடித்தபோது வந்த ஏற்றத்தோடு இதை ஒப்பிடுவார்கள். குளுக்கோஸுக்கு 100 என்று வைத்துக்கொண்டு மற்ற உணவுகளுக்கு எண் தருவார்கள். இதுவே கிளைசிமிக் குறியீடு. 55-ம் அதற்குக் கீழும் குறைவு. 70-ம் அதற்கு மேலும் அதிகம்.

நாம் தினமும் சாப்பிடும் அரிசிகளைச் சென்னையிலுள்ள மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளை இந்த முறையில் அளந்திருக்கிறது. பொன்னிக்கு 70, சோனா மசூரிக்கு 72, சூர்தி கோலத்துக்கு 77. மூன்றுமே அதிகப் பட்டியலில்தான் வருகின்றன. வெள்ளைச் சீனியின் குறியீடு ஏறத்தாழ 65. சோற்றைவிடச் சீனிக்கு எண் குறைவா என்று திகைப்பவர்களுக்கு விளக்கம் இதுதான்: சீனியில் பாதி குளுக்கோஸ், மறுபாதி ஃபிரக்டோஸ். ஃபிரக்டோஸ் நேரே ரத்தச் சர்க்கரையை உயர்த்தாமல் கல்லீரலுக்குப் போகிறது. அங்கே அளவுக்கு மேல் சேர்ந்தால் கொழுப்பாகிறது. ஆகவே குறியீடு குறைவு என்பதற்காகச் சீனி நல்லதாகிவிடாது. நாட்டுச் சர்க்கரை, கருப்பட்டி, தேன் ஆகியவற்றுக்கும் இதே கணக்குதான். அவற்றில் கொஞ்சம் தாது உப்புகள் கூடுதலாக இருக்கலாம். சர்க்கரை சர்க்கரைதான்.

குறியீட்டுக்கு இன்னொரு குறை உண்டு. அது வேகத்தைச் சொல்லும், அளவைச் சொல்லாது. தர்பூசணியின் குறியீடு 70-ஐத் தாண்டும். ஆனால் அதில் பெரும்பகுதி தண்ணீர். இரண்டு கீற்றுத் தர்பூசணியில் இருக்கும் சர்க்கரை மிகக் குறைவு. அதனால் குறியீட்டை உணவிலுள்ள மாவுச்சத்தின் கிராமால் பெருக்கி 100-ஆல் வகுக்கிறார்கள். இதற்குக் கிளைசிமிக் சுமை என்று பெயர். 300 கிராம் பொன்னிச் சோற்றுக்கு இது கிட்டத்தட்ட 59 வரும். ஒரு வேளை உணவில் 20-ஐத் தாண்டினாலே அதிகம் என்று கொள்ளப்படுகிறது. அந்தச் சோற்றை 150 கிராமாகக் குறைத்தால் சுமை பாதியாகிவிடும். அரிசியை மாற்றவில்லை, அளவைத்தான் மாற்றினோம்.

பதப்படுத்தும் விதமும் வேகத்தை மாற்றும். முழுத் தானியத்தில் நார்ச்சத்தும் தவிட்டுப் படலமும் நொதிகளுக்குத் தடையாக நிற்கின்றன. அதையே நைசாக அரைத்து மாவாக்கினால் அந்தத் தடை போய்விடும். கேழ்வரகு நல்லது என்று நம்பிக் கூழாகக் காய்ச்சிக் குடிப்பவருக்குச் சர்க்கரை விறுவிறுவென்று ஏறுவது இதனால்தான். புழுங்கல் அரிசியில் அவித்து உலர்த்தும்போதே மாவுச்சத்தின் ஒரு பகுதி இறுகிவிடுவதால், அது பச்சரிசியைவிடக் கொஞ்சம் மெதுவாகச் செரிக்கும். வடித்து ஆறவைத்த சோற்றிலும் கொஞ்சம் மாவுச்சத்து செரிக்காத வடிவத்துக்கு மாறுகிறது. பழைய சோற்றுக்கு அந்தச் சிறு நன்மை உண்டு. ஆனால் அதை நம்பி இரண்டு பங்கு சாப்பிட்டால் அந்த நன்மை காணாமல் போய்விடும்.

ஏற்றம் எப்படி நோயாகிறது?

சாப்பிட்டால் சர்க்கரை ஏறுவது இயல்பு. அது நோயல்ல. மூன்று வேளையும், இடையில் டீயோடு பிஸ்கட்டுமாக, ஆண்டுக்கணக்கில் தேவைக்கு மேல் மாவுச்சத்து போய்க்கொண்டே இருந்து, அதை எரிக்க உடல் உழைப்பும் இல்லாதபோதுதான் சிக்கல் ஆரம்பிக்கிறது. கல்லீரலிலும் தசையிலும் கொழுப்பு படிகிறது. கொழுப்பு படிந்த செல்கள் இன்சுலினின் கட்டளைக்குச் சரியாக இணங்குவதில்லை. இதை இன்சுலின் எதிர்ப்பு என்கிறார்கள். கணையம் அதை ஈடுகட்டக் கூடுதலாக இன்சுலின் சுரக்கிறது. பல ஆண்டுகள் இப்படியே சமாளிக்கும். அதுவரை வெறும் வயிற்றுச் சர்க்கரை சரியாகவே இருக்கும். பீட்டா செல்கள் களைத்துச் சுரப்பு குறையத் தொடங்கும்போதுதான் எண்கள் ஏறுகின்றன. நோய் கண்டுபிடிக்கப்படும் நாளுக்குப் பல ஆண்டுகள் முன்பே அது தொடங்கியிருக்கிறது. இங்கே சொல்வது இரண்டாம் வகைச் சர்க்கரை நோயைப் பற்றி. பீட்டா செல்களை உடலின் எதிர்ப்பு மண்டலமே அழித்துவிடும் முதல் வகைக்கு உணவு காரணமல்ல.

இந்தியர்களுக்கு இதில் ஒரு கூடுதல் ஆபத்து உண்டு. புனேயைச் சேர்ந்த மருத்துவ ஆராய்ச்சியாளர் சித்தரஞ்சன் யாஜ்னிக்கும் லண்டனைச் சேர்ந்த ஜான் யுட்கினும் 2004-ல் லான்செட் இதழில் தங்கள் படத்தையே வெளியிட்டார்கள். இருவரின் உடல் நிறை குறியீடும் 22.3. ஒல்லியான உடல்வாகு இருவருக்கும். ஆனால் உடலிலிருந்த கொழுப்பு யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2 சதவீதம். வெளியே ஒல்லி, உள்ளே கொழுப்பு. நம்மவர்களுக்குத் தசை குறைவு, வயிற்றுக் கொழுப்பு அதிகம். குளுக்கோஸை வாங்கி வைக்கும் தசை குறைவாக இருந்தால் அதே சோறு அதிக ஏற்றத்தைத் தரும். எனக்குத் தொப்பை இல்லை, நான் குண்டு இல்லை என்ற தைரியம் நம் நாட்டில் செல்லாது.

ஆய்வுகள் காட்டும் படம்

2020-ல் டயபட்டிஸ் கேர் இதழில் ஒரு பெரிய ஆய்வு வெளியானது. 21 நாடுகளில் 1,32,373 பேரைச் சராசரியாக ஒன்பதரை ஆண்டுகள் பின்தொடர்ந்த பியூர் ஆய்வு அது. நாளொன்றுக்கு 450 கிராமுக்கு மேல் வெள்ளைச் சோறு சாப்பிட்டவர்களுக்கு, 150 கிராமுக்குக் குறைவாகச் சாப்பிட்டவர்களைவிடச் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு 20 சதவீதம் அதிகம். தெற்காசியாவை மட்டும் எடுத்துக்கொண்டால் அது 61 சதவீதமாக உயர்ந்தது. இத்தகைய ஆய்வு தொடர்பைத்தான் காட்டும், காரணத்தை உறுதி செய்யாது. ஆனாலும் உடலுக்குள் நடப்பதைப் பற்றி நமக்குத் தெரிந்ததோடு இது பொருந்தி வருகிறது.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் நிதியில் மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளை நடத்திய இண்டியாப் ஆய்வு, நாடு முழுவதும் 1,13,043 பேரைச் சந்தித்தது. 2023-ல் வெளியான அதன் முடிவுப்படி இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய். முன்நிலையில் இருப்பவர்கள் 13.6 கோடி. நாட்டின் சராசரி 11.4 சதவீதம். தமிழ்நாட்டில் 14.4, கேரளத்தில் 25.5, புதுச்சேரியில் 26.3, கோவாவில் 26.4.

இதே ஆய்வின் உணவுக் கணக்கு 2025-ல் நேச்சர் மெடிசின் இதழில் வெளியானது. இந்தியர்களுக்குக் கிடைக்கும் கலோரியில் 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்து வருகிறது. புரதம் 12 சதவீதம்தான். வெள்ளை அரிசிக்குப் பதில் முழுக் கோதுமை மாவையோ சிறுதானிய மாவையோ வைத்துக்கொண்டால் ஆபத்து குறைகிறதா என்று கணக்கிட்டுப் பார்த்தார்கள். மொத்த மாவுச்சத்து குறையாதவரை குறையவில்லை. மாவுச்சத்தில் ஒரு பகுதியை எடுத்துவிட்டு அந்த இடத்தில் பருப்பு, பயறு, பால் பொருள்கள், முட்டை, மீன் ஆகியவற்றின் புரதத்தை வைத்தபோது ஆபத்து குறைந்தது.

இந்த முடிவை ஒவ்வொரு வீட்டிலும் அழுத்திச் சொல்ல வேண்டும் என்று நினைக்கிறேன். ஏனென்றால் சுகர் என்று தெரிந்ததும் நம் வீடுகளில் நடக்கும் முதல் மாற்றம், இரவில் சோற்றை விட்டுவிட்டுச் சப்பாத்திக்கு மாறுவது. மூன்று சப்பாத்தியும் உருளைக்கிழங்குக் குருமாவும் ஒரு கிண்ணச் சோற்றைவிடக் குறைந்த மாவுச்சத்து தருவதில்லை. கோதுமை ரவை உப்புமாவும், சிறுதானியப் பொங்கலும், ராகி சேமியாவும் தானியங்கள்தான். தானியத்தின் பெயரை மாற்றினால் போதாது. தட்டில் தானியத்தின் பங்கைக் குறைக்க வேண்டும்.

தட்டை எப்படிப் பிரிப்பது?

தட்டில் பாதியைக் காய்கறிக்குக் கொடுங்கள். கீரை, அவரை, வெண்டை, பீன்ஸ், முருங்கை, சுரைக்காய், கோஸ் என எதுவானாலும் சரி. உருளையும் சேனையும் மரவள்ளியும் இந்தப் பாதியில் சேராது, அவை சோற்றின் பக்கம். கால் பங்கு பருப்பு, பயறு, கொண்டைக்கடலை, முட்டை, மீன், கோழி ஆகியவற்றில் ஒன்றுக்கு. மிச்சமிருக்கும் கால் பங்குக்குச் சோறு. தண்ணீராக நீர்த்த சாம்பாரில் பருப்பு இருக்கிறது என்று கணக்கில் சேர்க்காதீர்கள். கெட்டியான கூட்டு, பருப்புசிலி, சுண்டல் ஆகியவற்றில்தான் எண்ணிச் சொல்லும்படியான புரதம் இருக்கிறது.

சாப்பிடும் வரிசையும் உதவும். அமெரிக்காவின் வெயில் கார்னெல் மருத்துவக் கல்லூரியில் அல்பனா சுக்லா குழுவினர் 2015-ல் வெளியிட்ட சிறு ஆய்வில், சர்க்கரை நோயாளிகள் 11 பேர் ஒரே உணவை இரண்டு வரிசையில் சாப்பிட்டார்கள். காய்கறியையும் புரதத்தையும் முதலில் சாப்பிட்டு மாவுச்சத்தைக் கடைசியில் சாப்பிட்ட நாளில், ஒரு மணி நேரத்துக்குப் பின் பார்த்த சர்க்கரை 37 சதவீதம் குறைவாக இருந்தது. நார்ச்சத்தும் புரதமும் முதலில் போனால் இரைப்பை மெதுவாகக் காலியாகிறது. நம் பந்தியில் சோறு விழும்வரை பொரியலும் கூட்டும் இலையில் காத்திருக்கின்றன. வீட்டிலாவது அவற்றை முதலில் சாப்பிட்டுவிட்டுச் சோற்றுக்குப் போகலாம். வயிறு பாதி நிறைந்தபின் மறுசோறு கேட்கத் தோன்றாது.

காலையும் மாலையும் உண்ணும் டிபனில் மாற்றம் இன்னும் எளிது. இட்லியின் எண்ணிக்கையை இரண்டாகக் குறைத்து ஒரு முட்டையையோ ஒரு கிண்ணம் பச்சைப்பயற்றுச் சுண்டலையோ சேர்த்துக்கொள்ளலாம். அரிசியைவிடப் பருப்பு அதிகம் போட்டு அரைத்த அடை நல்ல உணவு. மாலையில் பிஸ்கட்டுக்குப் பதில் வேர்க்கடலையோ கொண்டைக்கடலையோ போதும். கைக்குத்தல் அரிசி கிடைத்தால், அதே அளவு வெள்ளை அரிசிக்குப் பதிலாக அதைப் பயன்படுத்தலாம்.

சாப்பிட்டதும் பத்து, பதினைந்து நிமிடம் நடப்பது மருந்துக்கு அடுத்த வேலையைச் செய்கிறது. சுருங்கி விரியும் தசை, இன்சுலினின் உதவியில்லாமலேயே குளுக்கோஸை உள்ளே இழுத்துக்கொள்ளும் திறன் கொண்டது. இன்சுலின் எதிர்ப்பு உள்ளவருக்கும் இந்த வழி திறந்தே இருக்கிறது. வாரத்தில் இரண்டு நாள் எடை தூக்குவது, உட்கார்ந்து எழுவது போன்ற பயிற்சிகளைச் செய்தால் தசையும் கூடும்.

இவையெல்லாம் உண்மையில் பலன் தருமா? சென்னையில் டாக்டர் ஏ. ராமச்சந்திரன் தலைமையில் நடந்த இந்திய நீரிழிவுத் தடுப்புத் திட்டம் இதற்குப் பதில் சொல்கிறது. 2006-ல் வெளியான அந்த ஆய்வில் முன்நிலையிலிருந்த 531 பேர் சேர்க்கப்பட்டார்கள். எந்த உதவியும் இல்லாதவர்களில் 55 சதவீதம் பேர் மூன்று ஆண்டுகளுக்குள் சர்க்கரை நோயாளி ஆனார்கள். உணவையும் நடையையும் மாற்றிக்கொண்டவர்களில் அது 39 சதவீதமாகக் குறைந்தது. மெட்பார்மின் மாத்திரை தந்த பலனும் கிட்டத்தட்ட இதே அளவுதான்.

மறுமுனைக்கும் போக வேண்டாம்

சோற்றை அடியோடு நிறுத்தச் சொல்லும் குரல்களும் இப்போது அதிகம். 2018-ல் லான்செட் பப்ளிக் ஹெல்த் இதழில் வந்த ஓர் ஆய்வில், கலோரியில் 50 முதல் 55 சதவீதம் மாவுச்சத்திலிருந்து பெற்றவர்களிடையே இறப்பு விகிதம் மிகக் குறைவு. 40 சதவீதத்துக்குக் கீழே போனவர்களிடையேயும், 70 சதவீதத்தைத் தாண்டியவர்களிடையேயும் அது அதிகம். மாவுச்சத்தைக் குறைத்தவர்கள் அந்த இடத்தில் இறைச்சியை வைத்தார்களா, பயறும் கொட்டைகளும் வைத்தார்களா என்பதும் முக்கியமாக இருந்தது. பயறும் கொட்டைகளும் வைத்தவர்களுக்கு நன்மை. இந்தியர்களுக்கான இண்டியாப் கணக்கும், 50 முதல் 55 சதவீதத்தை ஒட்டிய அளவையே நல்ல இலக்காகக் காட்டுகிறது. சோற்றைத் துறக்க வேண்டியதில்லை, குறைத்தால் போதும்.

ஏற்கெனவே இன்சுலின் ஊசியோ சர்க்கரை மாத்திரையோ எடுத்துக்கொள்பவர்கள் திடீரென்று சோற்றைப் பாதியாக்கிவிடக் கூடாது. மருந்தின் அளவு பழைய சாப்பாட்டுக்குக் கணக்கிட்டது. சாப்பாடு குறைந்து மருந்து குறையாவிட்டால் சர்க்கரை ஆபத்தான அளவுக்குத் தாழ்ந்து மயக்கம் வரலாம். மருத்துவரிடம் சொல்லிவிட்டு, படிப்படியாகக் குறைக்க வேண்டும். சிறுநீரகப் பாதிப்பு உள்ளவர்கள் புரதத்தைக் கூட்டும் முன்பும் கேட்டுக்கொள்ள வேண்டும்.

குடும்பத்தின் பொறுப்பு மட்டுமல்ல

தட்டைப் பிரிப்பதைப் பற்றி எழுதுவது எளிது. வாங்கிச் சமைக்கக் காசு வேண்டும். தமிழ்நாட்டில் 2011 முதல் ரேஷன் கடையில் அரிசி இலவசம். பல குடும்ப அட்டைகளுக்கு மாதம் 20 கிலோ வரை அரிசி கிடைக்கும் இடத்தில், மானிய விலைத் துவரம் பருப்பு ஒரு கிலோதான். பசியைப் போக்கிய மகத்தான திட்டம் இது. இதைக் குறை சொல்ல யாருக்கும் மனம் வராது, வரவும் கூடாது. ஆனால் பசிக்காகப் போட்ட கணக்கை, சர்க்கரை நோய் பெருகிவிட்ட காலத்தில் திருத்திப் போட வேண்டியிருக்கிறது. கூலி வேலைக்குப் போகும் ஒரு தாய் பிள்ளைகளின் தட்டில் சோற்றைக் குவிப்பது அறியாமையால் அல்ல. மலிவாக வயிற்றை நிரப்பும் பொருள் அது ஒன்றுதான்.

2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்குமான மாத்திரைகளை அரசே வீட்டுக்குக் கொண்டுவந்து தருகிறது. நோய் வந்தபின் மாத்திரை தரும் அரசால், நோய் வருமுன் பருப்பின் அளவைக் கூட்டவும் முடியும். அட்டைக்கு இன்னொரு கிலோ பருப்பும், கூடவே பயறோ கொண்டைக்கடலையோ கிடைத்தால் லட்சக்கணக்கான தட்டுகள் தாமாகவே மாறும். பள்ளிச் சத்துணவில் முட்டையும் பயறும் சேர்த்துக் காட்டிய மாநிலம் இது. பெரியவர்களுக்கும் அதைச் செய்ய முடியும்.

அதுவரை நம் கையிலிருப்பதைச் செய்வோம். முப்பது வயதைத் தாண்டியவர்கள், குறிப்பாகத் தாய் தந்தைக்குச் சர்க்கரை உள்ளவர்கள், கர்ப்ப காலத்தில் சர்க்கரை வந்திருந்த பெண்கள், அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஒருமுறை ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். முன்நிலை என்று தெரியவந்தால் பயப்பட வேண்டாம். மாற்றத்துக்கு உடல் நன்றாக இணங்கும் காலம் அதுதான். இன்று மதியமே சோற்றில் ஒரு கரண்டியைக் குறைத்து, பருப்பிலும் காயிலும் ஒரு கரண்டியைக் கூட்டித் தொடங்கிவிடலாம்.